அரிப்பு என்கிற வசவு

வாரப் பத்திரிகைகளில் டாக்டர் பதில் சொல்லும் பக்கத்தை நான் விடாமல் படிக்கிறவன். தொடர்கதையைத் தள்ளிவிட்டுக்கூட அதைப் படித்திருக்கிறேன். கதைகளிலே மனிதர்கள் ஆசிரியன் சொல்லிக்கொடுத்தபடி பேசுகிறார்கள். இந்தப் பக்கத்தில்தான் ஜனங்கள் தங்கள் வாயால் பேசுகிறார்கள். அதாவது, உதவி ஆசிரியரின் கத்தரிக்குத் தப்பிய வரையில். இதை வைத்தியம் என்று ஒதுக்கிவிடாமல், ஒரு வசன வகையாக எடுத்துக்கொண்டு, கதைக்கும் கவிதைக்கும் செய்கிற விமரிசனத்தை இதற்கும் செய்து பார்த்தால் என்ன என்று பல நாளாக எனக்கு ஓர் எண்ணம். எல்லாக் கேள்விகளையும் இங்கே எடுத்துக்கொள்ள முடியாது. ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். வாரம் தவறினாலும் மாதம் தவறாமல் வருகிற கேள்வி அது.

கடிதம் அநேகமாக இப்படித்தான் இருக்கும். வயது 19. கல்லூரியில் படிக்கிறாள், அல்லது பனியன் கம்பெனியில் வேலை. கல்யாணம் ஆகவில்லை. பெயர், ஊர் வேண்டாம். ‘வெளியில் சொல்ல முடியாத இடத்தில்’ சில மாதங்களாக ஒரு தொந்தரவு. வெள்ளை படுகிறது, உடம்பு சூடாக இருக்கிறது, எலும்பு உருகிப் போகிறதோ என்று பயமாக இருக்கிறது, பிற்காலத்தில் கல்யாண வாழ்க்கைக்கு இதனால் இடைஞ்சல் வருமா? இவ்வளவையும் சொல்லிவிட்டு, கடைசி வரியில், ஏதோ போகிற போக்கில் ஞாபகம் வந்ததுபோல, அரிப்பும் இருக்கிறது என்று முடித்திருப்பாள். பல கடிதங்களில் அந்தக் கடைசி வரியும் இராது.

கதைத் தொழில் தெரிந்தவர்களுக்கு இந்தக் கடிதத்தின் கோணல் உடனே பிடிபடும். முதலில் வரவேண்டிய விஷயம் கடைசியில் வந்திருக்கிறது. அவளைப் பேனா எடுக்க வைத்ததே அந்த அரிப்புத்தான். ராத்திரி தூக்கமில்லை, வகுப்பில் ஒரு மணி நேரம் ஒழுங்காக உட்கார முடியவில்லை, ஹாஸ்டல் குளியலறையில் வாளியில் தண்ணீரை விட்டுவிட்டு அழுதிருக்கிறாள். ஆனாலும் அந்த வார்த்தையை முதல் வாக்கியத்தில் வைக்கத் தமிழ் அவளுக்கு இடம் கொடுக்கவில்லை.

காரணம், அரிப்பு என்பது நம் ஊரில் ஒரு தொந்தரவின் பெயர் மட்டும் அல்ல. அது ஒரு வசவு. குழாயடியிலும் திண்ணையிலும், ஏன், படித்தவர்கள் கூடுகிற இடத்திலும்கூட, ஒரு பெண்ணின் நடத்தையைப் பழிக்க வேண்டுமானால் ‘அரிப்பெடுத்தவள்’ என்று ஒரே வார்த்தையில் காரியத்தை முடித்துவிடலாம். அதை ஹாஸ்யம் என்று எண்ணிக் கைதட்டுகிறவர்களும் உண்டு. ‘தினவு’ என்கிற சொல்லின் கதி இன்னும் விசித்திரமானது. ஆண்பிள்ளைக்குத் தோள் தினவெடுத்தால் அது வீரம். மோதுவதற்குப் பகைவன் அகப்படவில்லையே என்று தோள் நமைக்கிறதாம்! பெண்ணுக்குத் தினவு என்றால் அடுத்த வாக்கியத்தைக் கேட்க வேண்டாம். அது எந்த உறுப்பில் வந்தாலும் ஒழுக்கத்தைப் பற்றிய செய்தியாகிவிடுகிறது.

ஆகவே பெண் முதல் தடவை தாயாரிடம், “அம்மா, அங்கே அரிக்குதும்மா” என்கிறாள். “உஸ்! மெள்ளப் பேசுடி. உள்ளே அப்பா இருக்கார்” என்கிறாள் தாயார். அடுத்த தடவை பெண் ஜாக்கிரதையாக ‘எரியுதும்மா’ என்று மாற்றிக்கொள்கிறாள். தாயார் அதை டாக்டரிடம், “பொண்ணுக்கு ஒரே சூடுங்க, வெள்ளையும் படுது” என்று எடுத்துச் சொல்கிறாள். பெண்ணின் உடம்பிலிருந்து கிளம்பிய ஒரு செய்தி மூன்று வாய் மாறி டாக்டரை அடையும்போது வேறு வியாதியாக ஆகிவிட்டது. இதைத்தான் நான் இங்கே சொல்ல வந்தேன். கூச்சம் என்பது அழகான குணமா, அசட்டுக் குணமா என்ற சர்ச்சையில் எனக்கு அக்கறை இல்லை. சொல் மாறினால் மருந்து மாறிப்போகிறது. அதுதான் சங்கதி.

எப்படி மாறுகிறது என்று பார்க்கலாம். அரிப்பும் எரிச்சலும் ஒன்று அல்ல. சிறுநீர் கழிக்கும்போது உள்ளே காந்துகிறது, அடிக்கடி போகவேண்டியிருக்கிறது என்றால், டாக்டரின் சிந்தனை முதலில் சிறுநீர்ப் பையின் பக்கம் போகும். அதற்கான கிருமிக்கொல்லி மாத்திரையை எழுதுவார். அந்த மாத்திரை பூஞ்சைக் காளானை ஒன்றும் செய்யாது; அதைத் தடுத்து வைத்திருந்த நல்ல கிருமிகளையும் சேர்த்துக் கொன்று, அரிப்பை இரண்டு மடங்கு ஆக்கிவிடக்கூடும். எரியுது என்று ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னதற்கு இவ்வளவு தண்டனை.

நம் பாஷையில் சொல்லுக்குப் பஞ்சம் என்றும் சொல்ல முடியாது. அரிப்பு, நமைச்சல், ஊறல், குறுகுறுப்பு, உறுத்தல், எரிச்சல், காந்தல், கடுப்பு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேதனை. நல்லெண்ணெய்க்கும் கடலெண்ணெய்க்கும் வாசனையில் பேதம் தெரிந்த பாட்டிமார்கள் இந்த எட்டுக்கும் பேதம் சொல்லுவார்கள். உறுப்புக்குப் பெயர் வைப்பதில்தான் நாம் திண்டாடுகிறோம். சங்கப் பாட்டில் அல்குல் என்று கூசாமல் பாடினார்கள்; அது எந்த இடம் என்பதில் அறிஞர்களுக்குள் வழக்கு இன்னும் தீரவில்லை. கலைச்சொல் பண்டிதர்கள் ‘புணர்புழை’ என்றும் ‘கலவிக் கால்வாய்’ என்றும் பெயர் செய்து கொடுத்தார்கள். இலக்கணம் சரியாக இருக்கலாம். ஆனால் பெயரே கலவிக் கால்வாய் என்றிருந்தால், கல்யாணம் ஆகாத ஒரு பெண் அது தன்னிடம் இருப்பதாக எப்படி வாயைத் திறந்து சொல்லுவாள்? அங்கே ஒரு வியாதி என்றால், கலவியால் வந்த வியாதி என்று அர்த்தமாகிவிடாதா? பெயரிலேயே குற்றச்சாட்டை வைத்துவிட்டார்கள். யோனி என்ற பழைய சொல் எவ்வளவோ மேல். வெளித்தோல், உள்வழி என்று இரண்டாகப் பிரித்துச் சொன்னால் இன்னும் மேல். ஏனென்றால் வெளியே அரிப்பதற்கும் உள்ளே அரிப்பதற்கும் காரணங்கள் வேறு.

நமது சர்க்கார் வைத்திய முறை ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பரிசோதனைக்கூடம் இல்லாத இடங்களில், நோயாளி சொல்லும் குறிகளையும் பார்த்ததையும் மட்டும் வைத்து மருந்து கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் ஒரு முறை வகுத்தது. இந்தியாவிலும் அதை ஏற்றுக்கொண்டு, குறிக்கு ஒரு நிறமாக மருந்து உறைகள் தயாரித்தார்கள். யோனியிலிருந்து கசிவு என்றால் 2-ஆம் நம்பர், பச்சை நிற உறை. உள்ளே செக்னிடசோல் 2 கிராமும் ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராமும் இருக்கும். கிருமிக்கு ஒன்று, காளானுக்கு ஒன்று. எது இருந்தாலும் அகப்பட்டுக்கொள்ளட்டும் என்பது யோசனை. ஏழை நாட்டுக்குக் கெட்டிக்கார யோசனைதான். ஆனால் இந்த முறையில் நோயாளியின் வார்த்தையே பரிசோதனைக்கூடம் என்பதைக் கவனியுங்கள். வார்த்தை பொய்யாகிவிட்டால் பச்சை உறைக்குப் பதில் வேறு நிறம் வரும். அல்லது எந்த நிறமும் வராது.

இனி அந்த அரிப்புக்கு என்னென்ன காரணம் என்று பார்ப்போம். டாக்டர் பக்கத்தில் இது நான்கு வரியில் முடிந்துவிடுகிறது. எனக்கு அவ்வளவு சுருக்கம் கைவராது.

இளம் பெண்களுக்கு வருவதில் மிகச் சாதாரணமானது காளான். காண்டிடா என்று பெயர். நான்கு பெண்களில் மூன்று பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இது வந்துபோகிறது என்று வைத்திய நூல்கள் சொல்லுகின்றன. அது வெளியிலிருந்து படையெடுத்து வருவதில்லை. பல பெண்களின் உடம்பில் சாதுவாக எப்போதும் இருக்கிறதுதான். ஜலதோஷத்துக்கோ பல்வலிக்கோ கிருமிக்கொல்லி மாத்திரை சாப்பிட்டால், சர்க்கரை வியாதி இருந்தால், கர்ப்பமாக இருந்தால், காவல் தளர்ந்து அது பெருகிவிடுகிறது. தயிர்த் திப்பி போல வெள்ளை. நாற்றம் பெரிதாக இராது. அரிப்போ உயிரை வாங்கும். இதற்கும் ஒழுக்கத்துக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. ஆண் முகமே பார்க்காத கன்னிகைக்கும் வரலாம்.

இதற்கு மருந்து கிடைத்த கதை எனக்கு மிகவும் பிடித்த கதை. நியூயார்க் மாகாணத்துச் சுகாதார இலாகாவில் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்று இரண்டு பெண்கள். ஒருத்தி நியூயார்க் நகரத்தில், மற்றவள் ஆல்பனியில். ஹேசன் ஊர் ஊராக மண்ணை வாங்கி, அதில் காளானைக் கொல்லும் நுண்ணுயிர் இருக்கிறதா என்று பார்ப்பாள். அகப்பட்டதைக் கண்ணாடிச் சீசாவில் அடைத்துத் தபாலில் போடுவாள். பிரவுன் அதிலிருந்து மருந்துச் சத்தைப் பிரித்துத் திருப்பித் தபாலில் அனுப்புவாள். கடைசியில் வர்ஜீனியாவில் ஒரு சிநேகிதர் பண்ணையில் எடுத்த மண்ணில் சரக்கு கிடைத்தது. 1950-இல் உலகத்துக்கு அறிவித்தார்கள். மாகாணத்தின் பெயரையே வைத்து நிஸ்டாடின் என்றார்கள். உரிமைத் தொகையாக 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல் வந்தது. இரண்டு பேரும் ஒரு காசு வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை, எல்லாம் ஆராய்ச்சி நிதிக்குப் போயிற்று. சீசாவிலே மண்ணை அடைத்துத் தபாலில் அனுப்பிய அந்த இரண்டு ஸ்திரீகளைப் பற்றி நம் பெண்கள் பத்திரிகை எதுவும் ஒரு பக்கம் எழுதினால் நான் இரண்டு பிரதி வாங்குவேன்.

இன்றைக்கு இதற்கு குளோட்ரிமசோல் என்ற மருந்து சாதாரணம். உள்ளே வைக்கும் மாத்திரையாகவும் மேலே பூசும் களிம்பாகவும் கிடைக்கிறது. கன்னிப் பெண்ணுக்கு உள்ளே வைக்கும் மாத்திரையை எழுதினால் தாய்மார்கள் வேறு பீதி அடைகிறார்கள். சீட்டை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு மருந்து வாங்காமலே வீட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. வாயில் போட்டுக்கொள்ள ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம், ஒரே ஒரு மாத்திரை, இருக்கிறது என்பதை டாக்டர் பக்கம் ஏனோ சொல்வதில்லை. கர்ப்பிணிகளுக்கு மட்டும் அது ஆகாது. ஆண்டில் மூன்று நான்கு தடவை இது திரும்பத் திரும்ப வந்தால், களிம்பை மாற்றிக்கொண்டிராமல் ரத்தத்தில் சர்க்கரை பார்க்க வேண்டும்.

இரண்டாவது சங்கதி, நல்ல கிருமிகள் குறைந்து வேறு கிருமிகள் பெருகிவிடுவது. இதில் அரிப்பைவிட நாற்றம்தான் அதிகம், மீன் கவிச்சி மாதிரி. மெட்ரோனிடசோல் ஏழு நாள் கொடுத்தால் அடங்கும். ஆனால் திரும்பி வருவது இதன் குணம். ஆண்களுக்கு இதில் பாத்தியதை இல்லை என்று வெகுகாலம் வைத்தியர்கள் நம்பினார்கள். 2025-இல் ஆஸ்திரேலியாவில் செய்த சோதனை ஒன்று வெளிவந்தது. பெண்ணுக்கு மட்டும் மருந்து கொடுத்தபோது 100-க்கு 63 பேருக்கு மூன்று மாதத்துக்குள் திரும்ப வந்தது. கூட்டாளியான ஆணுக்கும் சேர்த்துக் கொடுத்தபோது 35 ஆகக் குறைந்தது. மூன்றாவது டிரிக்கோமோனாஸ். பச்சை மஞ்சளாக நுரைத்துக் கசியும், அரிக்கும். இது உடலுறவினால் தொற்றுவது. மனைவிக்கு மட்டும் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கணவன் மீசையை முறுக்கிக்கொண்டிருந்தால் மறுமாதம் பழைய குருடி கதவைத் திறடிதான்.

வெளித்தோல் அரிப்பு தனிப் புராணம். வாசனைச் சோப்பு, வாசனை போட்ட நாப்கின், சரியாக அலசாத துணியில் ஒட்டியிருக்கும் சலவைத் தூள், மயிர் நீக்கும் களிம்பு, சவரத் தகடு. இவற்றில் ஏதாவது ஒன்றுக்குத் தோல் கோபித்துக்கொள்ளும். அதை நிறுத்தினால் பாதி நோய் போய்விடும். தொடை இடுக்கில் வளையமாகப் படரும் படர்தாமரை இன்னொன்று. சென்னை மாதிரிப் புழுக்கமான ஊரில் ஈர உள்ளாடையோடு பஸ்ஸில் ஒரு மணி நேரம் வந்தால் அது ஊட்டி வளர்த்ததுபோல வளரும். இங்கேதான் மருந்துக் கடைக்காரர் பிரவேசிக்கிறார். “அண்ணே, அரிப்புக்கு ஒரு களிம்பு” என்று தம்பியை அனுப்பி வாங்குகிறார்கள். அவர் எடுத்துக் கொடுப்பது ஸ்டீராய்டு கலந்த களிம்பு. இரண்டே நாளில் அரிப்பு ஓடிவிடும். காளானோ உள்ளே விருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும். இரண்டு மாதத்தில் இரண்டு மடங்காகத் திரும்பி வரும், தோலும் மெலிந்து சிவந்து போயிருக்கும். இப்படி ஊட்டி வளர்த்ததில், சாதாரண மருந்துக்கு மசியாத படர்தாமரை இந்தியா முழுதும் பரவிவிட்டது. 2020-இல் அந்தக் காளானுக்குப் பெயர் வைத்தபோது இந்தியாவின் பெயரையும் அதில் சேர்த்துவிட்டார்கள்: ட்ரைக்கோபைட்டான் இண்டோடினியே. ஸ்டீராய்டுக் களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-இல் சர்க்கார் விதி செய்ததெல்லாம் தெருக்கோடிக் கடைவரை வந்து சேரவில்லை.

வேடிக்கை என்னவென்றால், யோனியின் வெளித்தோல் வெளுத்துப் பளபளத்து அரிக்கும் லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்று வேறொரு நோய் இருக்கிறது. இளம் வயதில் அதிகம் வராது, வருவதும் உண்டு. அதற்கு அதே ஸ்டீராய்டுக் களிம்பே சரியான மருந்து! ஒன்றுக்கு விஷம், மற்றொன்றுக்கு அமிர்தம். கண்ணால் பார்க்காமல் எது எது என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. தபாலில் வைத்தியம் பார்க்கும் பக்கத்துக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்தும் பதில் சொல்லுகிறது.

அந்தப் பதிலின் வசனத்தை இப்போது பார்க்கலாம். பயப்பட வேண்டாம், இது சகஜம், சத்துள்ள ஆகாரம் சாப்பிடவும், அந்தரங்க உறுப்புகளைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவும், தொந்தரவு நீடித்தால் மகளிர் மருத்துவரை அணுகவும். ஐந்து வாக்கியம். இதில் முதல் இரண்டும் தட்டிக்கொடுப்பது, மூன்றாவது எல்லா வியாதிக்கும் பொது, ஐந்தாவது கை கழுவுவது. நான் சண்டைக்கு நிற்பது நடுவில் உள்ள சுத்தத்தோடுதான்.

சுத்தமாக வைத்துக்கொள்ளவும் என்றால், இத்தனை நாள் அழுக்காக வைத்துக்கொண்டிருந்தாய் என்று அர்த்தம். கேள்வி கேட்ட பெண் அன்று சாயங்காலமே சோப்பைப் போட்டு உள்ளேயும் வெளியேயும் தேய்க்க ஆரம்பிக்கிறாள். குளிக்கிற தண்ணீரில் கிருமிநாசினித் திராவகம் ஒரு மூடி. வியாதி வளர இதைவிட நல்ல உபாயம் இல்லை. டெடர்லைன் என்ற ஜெர்மன் வைத்தியர் 1892-இலேயே எழுதிவைத்தார், யோனியின் உள்ளே ஒருவகைக் கிருமிகள் குடியிருந்து புளிப்பை உண்டாக்கிக் காவல் காக்கின்றன என்று. பால் தயிராவதற்குக் காரணமான கிருமிகளின் ஒன்றுவிட்ட சகோதரர்கள் அவை. அந்தப் புளிப்பின் அளவு 3.8 முதல் 4.5 வரை, சோப்போ 9, 10 என்று எதிர்ப்பக்கம் நிற்கிறது. புளித்த மோரில் சுண்ணாம்பைக் கரைக்கிற காரியம்தான். இதைப் படித்துவிட்டு யாரும் தயிரை எடுத்துப் பூசிக்கொள்ளக் கிளம்ப வேண்டாம், அதுவும் வைத்தியம் அல்ல. உள்வழி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். வெளித்தோலுக்குத் தண்ணீர் போதும். மாதத்தின் நடுவில் முட்டை வெள்ளைக்கரு மாதிரித் தெளிவாகக் கசிவது கருமுட்டை வெளிவரும் காலத்தின் அடையாளம். எலும்பு உருகி வருவதல்ல. எலும்பு அப்படியெல்லாம் உருகாது.

பதிலை அச்சடித்த தாளின் எதிர்ப்பக்கத்தைத் திருப்பினால், அந்தரங்க உறுப்புக்கென்று தனியாகச் செய்த வாசனைத் திரவத்தின் விளம்பரம் பல வர்ணத்தில் சிரிக்கிறது. டாக்டர் சுத்தம் என்கிறார், கம்பெனி இதோ சுத்தம் என்கிறது. இந்தியாவில் 2012-இல் அப்படி ஒரு திரவத்தை, அந்த இடத்தைச் சிவப்பாக்கும் என்று சொல்லியே டெலிவிஷனில் விளம்பரம் செய்தார்கள். அமெரிக்காவில் 1920, 30-களில் தரை கழுவும் லைசாலையே பெண்களின் அந்தரங்கச் சுத்தத்துக்கு என்று விற்றிருக்கிறார்கள். வெந்து போனவர்கள் உண்டு. நம் பஸ் ஸ்டாண்டுச் சுவர்களில் மூலம், பௌத்திரம், ஆண்மைக் குறைவு என்கிற வரிசையில் வெள்ளைப்படுதலையும் சேர்த்து எழுதிவைத்திருக்கிறார்களே, அதற்கும் இந்த வர்ண விளம்பரத்துக்கும் காகிதத்தின் தரத்தில்தான் வித்தியாசம்.

‘மகளிர் மருத்துவரை அணுகவும்’ என்பதைக் கை கழுவுவது என்று சொன்னேன். அது ஏன் என்றும் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில், 16 முதல் 22 வயதுவரை உள்ள கல்யாணமான 451 பெண்களிடம் கேட்டும் பரிசோதித்தும் எழுதிய ஓர் ஆராய்ச்சி 2005-இல் வெளிவந்தது. நூற்றுக்கு 53 பேர் ஏதோ ஒரு தொந்தரவு இருக்கிறது என்றார்கள். தொந்தரவு உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எந்த வைத்தியமும் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டதற்கு வந்த பதில்கள்: பக்கத்து ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் இல்லை; மறைவிடம் இல்லை; தூரம்; செலவு; இது எல்லாருக்கும் உள்ளதுதானே. இவர்கள் கல்யாணமானவர்கள், கழுத்தில் தாலி என்கிற அனுமதிச் சீட்டு இருந்தும் போகவில்லை. 19 வயதுக் கன்னிப் பெண் தனியாகப் போய் வரிசையில் நின்றால், பக்கத்தில் இருப்பவள் முதலில் பார்ப்பது அவள் கழுத்தை. டாக்டர் முதலில் கேட்பது, “கல்யாணம் ஆயிடுச்சாம்மா?” வைத்தியத்துக்கு அந்தக் கேள்வி வேண்டியிருக்கலாம். அதைத் தாயாருக்கு முன்னால், கதவு திறந்திருக்கும்போது கேட்கவேண்டியது இல்லை.

இந்த ஊருக்கு இது புதிய சிக்கலும் அல்ல. மேரி ஷார்லீப் என்கிற வெள்ளைக்கார அம்மாள் 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தது, இங்குள்ள பெண்கள் ஆண் டாக்டரிடம் உடம்பைக் காட்டாமலே செத்துப்போகிறார்கள் என்பதைக் கண்டுதான். 1885-இல் கோஷாப் பெண்களுக்கென்று அவர் முயற்சியில் ஆஸ்பத்திரி ஏற்பட்டது. திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி என்று இன்றும் நடக்கிறது. பெண் டாக்டர்கள் வந்துவிட்டார்கள். அவர்களிடம் சொல்லுவதற்கு வார்த்தைதான் வந்து சேரவில்லை.

அதில் எங்கள் ஜாதிக்கு, கதை எழுதுகிற ஜாதிக்கு, பங்கு உண்டு. தமிழ் நாவலின் கதாநாயகிகளுக்கு நாங்கள் கொடுத்த வியாதிகளைப் பாருங்கள். க்ஷயம், இருதய நோய், மூளையில் கட்டி, பெயர் தெரியாத ஜுரம். எல்லாம் இடுப்புக்கு மேலே. இருமித் துப்பிய ரத்தம் கைக்குட்டையில் ரோஜா மாதிரி இருக்கும். அதைக் கண்டு வாசகர் அழுவார்கள். அம்பையின் ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’ கதை, ஒரு சிறுமி பெரியவளாகும்போது அவள் மனசுக்கு என்ன நேர்கிறது என்று காட்டிற்று. அது போன்றவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. குட்டி ரேவதி 2002-இல் ‘முலைகள்’ என்று தம் கவிதைத் தொகுதிக்குப் பெயர் வைத்ததற்கு எழுந்த கூக்குரல் பலருக்கு ஞாபகம் இருக்கும். காவியத்தில் ஆண் கவி பக்கம் பக்கமாக வர்ணித்த உறுப்பை, அதை உடையவள் ஒரு வார்த்தையில் சொன்னதற்கு அவ்வளவு ஆத்திரம். உடம்பில் அழகும் காமமும் துக்கமும் மட்டும் இல்லை, அரிப்பும் இருக்கிறது. அது காவிய ரசம் ஒன்பதில் எதிலும் சேராது. ஆனால் நாவல் என்கிற வடிவம் ஒன்பதில் சேராததை எழுதத்தானே வந்தது? ஒரு கதையில், ஒரே ஒரு கதையில், கதாநாயகி பரீட்சைக்கு முதல் நாள் இந்தத் தொந்தரவோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், மாத்திரை வாங்கி, மறுநாள் நிம்மதியாகப் பரீட்சை எழுதினாள் என்று வந்திருந்தால், அந்தச் சொல்லின் மேல் ஒட்டியிருக்கிற சேற்றில் ஒரு பிடியாவது உதிர்ந்திருக்கும்.

குறை சொல்லுகிறவன் மாற்று வாசகத்தையும் தரவேண்டும் என்பது நியாயம். அந்தப் பதிலை நான் இப்படித் திருத்திப் போடுவேன்:

“உங்களுக்கு வந்திருப்பது அரிப்பு. அதற்கும் உங்கள் நடத்தைக்கும் சம்பந்தம் இல்லை. சோப்பு, வாசனைத் திரவம், கிருமிநாசினி மூன்றையும் இன்றே நிறுத்துங்கள், தண்ணீர் போதும். பருத்தி உள்ளாடையை நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். மருந்துக் கடையில் கேட்டு எந்தக் களிம்பும் வாங்காதீர்கள். பெண் டாக்டர் இருக்கும் நாளை விசாரித்துக்கொண்டு போங்கள். உள்ளேயா வெளியேயா, எத்தனை நாளாக, கசிவின் நிறம் என்ன, நாற்றம் உண்டா, சமீபத்தில் என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள், இவற்றை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி எடுத்துப் போங்கள். வாய் வராவிட்டால் காகிதத்தைக் கொடுத்துவிடலாம். காகிதத்தின் முதல் வரியில் அரிப்பு என்று எழுதுங்கள். அடிவயிற்று வலி, ஜுரம், புண், கொப்புளம் எது இருந்தாலும், அல்லது கர்ப்பம் என்று சந்தேகம் இருந்தாலும், நாள் கடத்த வேண்டாம். அம்மாவை வெளியே உட்காரச் சொல்லும்படி டாக்டரைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.”

பழைய பதிலைவிட இது நீளம்தான். இடம் போதாது என்று உதவி ஆசிரியர் சொன்னால், எதிர்ப்பக்கத்து வாசனைத் திரவத்தில் நாலு அங்குலம் குறைத்துக்கொள்ளட்டும்.